முதலில் திரையைப் பாருங்கள்: போட்டோ எடிட்டிங்குக்கு 70,000 ரூபாய்க்குள் லேப்டாப் வாங்கும் வழி

கல்யாண போட்டோகிராஃபியில் புதிதாக இறங்கியவர்கள் முதல் சில ஆர்டர்களை எப்படியோ நண்பரின் கம்ப்யூட்டரில் முடித்துக் கொடுத்துவிடுகிறார்கள். அடுத்து, சொந்தமாக ஒரு லேப்டாப் வாங்கலாம் என்று 60,000, 70,000 ரூபாயைச் சேர்த்துக்கொண்டு கடைக்குப் போகிறார்கள். அங்கே கேட்கும் முதல் வார்த்தை “ஐ7 எடுத்துக்குங்க சார்” என்பதுதான். இரண்டாவது வார்த்தை “கிராபிக்ஸ் கார்டு இருக்கிறதா பாருங்க.” திரையைப் பற்றி யாரும் பேச மாட்டார்கள்.

எடிட்டிங்குக்கு வாங்குபவர் பார்க்க வேண்டிய வரிசை கிட்டத்தட்ட இதற்குத் தலைகீழ். முதலில் திரை, பிறகு ரேம், பிறகு எஸ்எஸ்டி, அதற்கு அப்புறம்தான் ப்ராசஸர். கிராபிக்ஸ் கார்டு கடைசி. ப்ராசஸர் மெதுவாக இருந்தால் வேலை ஒரு மணி நேரம் கூடுதலாக இழுக்கும், அவ்வளவுதான். திரை நிறத்தைத் தவறாகக் காட்டினால் நீங்கள் செய்து முடித்த அத்தனை படமும் தவறாகப் போகும். ரேமைப் பல மாடல்களில் பிறகு கூட்டிக்கொள்ளலாம், எஸ்எஸ்டியை மாற்றலாம். மோசமான திரையோடு வாங்கிய லேப்டாப்பை அப்படியே வைத்துத்தான் காலம் தள்ள வேண்டும்.

பணத்தைப் பிரித்து வையுங்கள்

கையில் இருக்கும் மொத்தப் பணத்தையும் லேப்டாப்புக்கே போட்டுவிடாதீர்கள். பத்தில் ஒரு பங்கை எக்ஸ்டர்னல் ஹார்ட் டிஸ்க்குக்கும் கார்டு ரீடருக்கும் ஒதுக்குங்கள். இந்த விலையில் வரும் பல லேப்டாப்களில் எஸ்டி கார்டு போடும் இடமே இருக்காது. சிலவற்றில் மைக்ரோ எஸ்டிக்கு மட்டும் இருக்கும்.

மென்பொருள் செலவும் உண்டு. அடோபியின் லைட்ரூம், போட்டோஷாப் இரண்டும் சந்தா கட்டிப் பயன்படுத்துபவை. ஆரம்பத்தில் அது பாரமாக இருந்தால் ரா ஃபைலுக்கு (கேமரா ஜேபெக்காக மாற்றாமல் சேமிக்கும் மூலப் படம்) டார்க்டேபிள் அல்லது ரா தெரபி, டச்சப்புக்கு கிம்ப் என்று இலவசமாகவே தொடங்கலாம். மூன்றும் முழுமையான மென்பொருள்கள். பழகத்தான் கொஞ்சம் நாள் பிடிக்கும்.

இன்னொன்று. உங்கள் எடிட்டிங் எப்போதும் வீட்டில் ஒரே மேசையில்தான் நடக்கும் என்றால், லேப்டாப்பை விட்டுவிட்டு டெஸ்க்டாப்பையும் நல்ல மானிட்டரையும் வாங்குங்கள். அதே பணத்துக்கு அங்கே கிடைப்பது அதிகம். மண்டபத்தில் வைத்தே படங்களைக் காட்ட வேண்டும், வெளியூர் வேலைக்கு எடுத்துப் போக வேண்டும் என்பவர்களுக்கு லேப்டாப்.

திரை: இங்கேதான் அதிக நேரம் செலவழிக்க வேண்டும்

ஒரு திரையால் எவ்வளவு நிறங்களைக் காட்ட முடியும் என்பதை அளக்க ஒரு அளவுகோல் உண்டு. எச்பியும் மைக்ரோசாஃப்ட்டும் 1996-இல் கொண்டுவந்த எஸ்ஆர்ஜிபி என்ற நிற வரம்புதான் இன்றும் இணையத்துக்கும் பெரும்பாலான பிரிண்டிங் லேப்களுக்கும் பொது. உங்கள் திரை இந்த வரம்பை 100%, அல்லது அதற்கு மிக அருகில் காட்ட வேண்டும். நிபந்தனை இது ஒன்றுதான். மற்றதிலெல்லாம் விட்டுக்கொடுக்கலாம்.

ஆனால் விலைப் பட்டியலில் இதை நேரடியாகப் போட மாட்டார்கள். “45% என்டிஎஸ்சி” என்று போட்டிருப்பார்கள். என்டிஎஸ்சி என்பது 1953-இல் அமெரிக்காவில் கலர் டிவிக்காக வகுத்த பழைய அளவு. 45% என்டிஎஸ்சி என்றால் எஸ்ஆர்ஜிபி கணக்கில் ஏறத்தாழ 62% மட்டுமே. அதாவது, காட்ட வேண்டிய நிறங்களில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் அந்தத் திரையில் இல்லை. “72% என்டிஎஸ்சி” என்று இருந்தால் அது 100% எஸ்ஆர்ஜிபிக்குச் சமமான பரப்பு. எனவே நினைவில் வைக்க வேண்டியது: 45 என்றால் வேண்டாம், 72 என்றால் எடுக்கலாம். எதுவுமே போடாமல் “ஃபுல் எச்டி, ஐபிஎஸ்” என்று மட்டும் இருந்தால் 45 என்றே வைத்துக்கொள்ளுங்கள். நல்ல திரை போட்டவர்கள் அதைச் சொல்லாமல் விட மாட்டார்கள்.

இது நடைமுறையில் என்ன செய்யும்? முகூர்த்தத்துக்கு மணப்பெண் அரக்குச் சிவப்பில் காஞ்சிப் பட்டு உடுத்தியிருக்கிறார். 45% திரையில் அந்தச் சிவப்பு வெளிறி, செங்கல் நிறத்தில் தெரியும். “கலர் செத்துப்போச்சே” என்று நீங்கள் நிறத்தின் அடர்த்தியைக் கூட்டும் சேச்சுரேஷன் ஸ்லைடரை 20, 25 வரை தள்ளுவீர்கள். உங்கள் திரையில் புடவை இப்போது அழகாக இருக்கும். அதே படத்தை மணப்பெண்ணின் அக்கா தன் போனில் திறப்பார். நிறத்தை முழுதாகக் காட்டும் திரை அது. புடவை தீப்பிடித்த மாதிரி தெரியும், மடிப்பும் நெசவும் ஒரே சிவப்புத் திட்டாகக் கலந்திருக்கும், மஞ்சள் பூசிய முகம் ஆரஞ்சாகியிருக்கும். ஆல்பம் பிரிண்ட்டிலும் இதுவேதான் வரும். ப்ராசஸர் எவ்வளவு வேகமாக இருந்தாலும் இதைச் சரிசெய்யாது.

அடுத்து வெளிச்சம். திரையின் வெளிச்சத்தை நிட்ஸ் கணக்கில் சொல்வார்கள். 250 நிட்ஸ் திரைகள் பகலில், ஜன்னலோர அறையில் மங்கிவிடும். 300 நிட்ஸுக்குக் குறையாமல் பாருங்கள். 16:10 விகிதத்தில், 1920 x 1200 பிக்ஸலில் வரும் திரைகள் எடிட்டிங்குக்கு வசதி. கீழே சிறு படங்களின் வரிசையை வைத்துக்கொண்டாலும் மேலே படத்துக்கு இடம் மிஞ்சும். 144 ஹெர்ட்ஸ், 165 ஹெர்ட்ஸ் என்பதெல்லாம் விளையாட்டுக்கு. நமக்கு அதனால் ஒரு பயனும் இல்லை.

ஒவ்வொரு பிக்ஸலும் தானே ஒளிரும் ஓஎல்இடி திரைகளும் இந்த விலைக்குள் இப்போது வருகின்றன. நிறம் எஸ்ஆர்ஜிபியையும் தாண்டி, சினிமாவுக்காக வகுத்த அகன்ற டிசிஐ-பி3 வரம்பு வரை போகும், கறுப்பு முழுக் கறுப்பாக இருக்கும். நல்ல தேர்வுதான், ஆனால் மூன்று விஷயங்களைத் தெரிந்துகொண்டு வாங்குங்கள். திரையின் வரம்புக்கு ஏற்ப நிறத்தைச் சரிசெய்து காட்டும் நிற மேலாண்மை இல்லாத மென்பொருள்களில் படங்கள் தேவைக்கு மேல் பளிச்சென்று தெரியும், அதனால் தயாரிப்பாளரின் செயலியில் எஸ்ஆர்ஜிபி மோடு இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். ஆசுஸ் ஓஎல்இடி மாடல்களில் மைஆசுஸ் செயலிக்குள் இது இருக்கிறது. இரண்டாவது, வெளிச்சத்தைக் குறைத்து வைக்கும்போது பல ஓஎல்இடி திரைகள் கண்ணுக்குத் தெரியாத வேகத்தில் மினுக்கும். சிலருக்கு இதில் தலைவலி வரும். கடையில் வெளிச்சத்தைக் குறைத்துவைத்துப் பத்து நிமிடம் உட்கார்ந்து பாருங்கள். மூன்றாவது, ஒரே மெனு நாள் முழுக்க அசையாமல் நின்றால் வருடக்கணக்கில் அதன் தடம் பதியக்கூடும். டாஸ்க்பாரை மறைத்து வைப்பதும் சும்மா இருக்கும்போது திரை அணைவது போல அமைப்பதும் நல்லது.

மிக முக்கியமான ஒரு எச்சரிக்கை: ஒரே மாடல் பெயரில் வெவ்வேறு திரைகள் வரும். லெனோவோ ஐடியாபேட் ஸ்லிம் 5 என்ற பெயரில் ஓஎல்இடியும் உண்டு, சாதாரணத் திரையும் உண்டு. எனவே “அந்த மாடல் நல்லா இருக்குன்னு சொன்னாங்க” என்பது போதாது. பெட்டியின் மேல் இருக்கும் முழு மாடல் எண்ணைக் குறித்துக்கொண்டு தயாரிப்பாளரின் தளத்தில் தேடுங்கள். லெனோவோவுக்கு பிஎஸ்ஆர்இஎஃப் என்று தனித் தளமே இருக்கிறது, திரையின் நிற அளவு வரை அதில் கிடைக்கும். லேப்டாப்களைச் சோதித்து எழுதும் நோட்புக்செக் தளத்தில் கருவி வைத்து அளந்த முடிவுகளைப் பார்க்கலாம்.

கேமிங் லேப்டாப்பை எடிட்டிங்குக்கு வாங்கிவிட்டுத் தவிப்பவர்கள் பலர். காரணம் இதுதான். குறைந்த விலை கேமிங் மாடல்களில் பணம் முழுவதும் கிராபிக்ஸ் கார்டுக்குப் போய்விடும், திரையில் 45% என்டிஎஸ்சிதான் மிஞ்சும். ஏற்கெனவே அப்படி ஒன்று வீட்டில் இருந்தால் விற்க வேண்டாம். 100% எஸ்ஆர்ஜிபி உள்ள 24 அங்குல ஐபிஎஸ் மானிட்டர் ஒன்றைத் தனியாக வாங்கி எச்டிஎம்ஐயில் மாட்டுங்கள். நிற வேலை எல்லாம் அதில் நடக்கட்டும்.

ரேம்: 16 ஜிபி

போட்டோஷாப்புக்கும் லைட்ரூம் கிளாசிக்குக்கும் அடோபி சொல்லும் குறைந்தபட்சம் 8 ஜிபி, பரிந்துரைப்பது 16 ஜிபி. 8 ஜிபியில் விண்டோஸும் பிரவுசரும் சேர்ந்தே பாதியைத் தின்றுவிடும். தனி கிராபிக்ஸ் கார்டு இல்லாத லேப்டாப் என்றால் திரைக்கான நினைவகமும் இதிலிருந்துதான் போகும்.

ஆல்பம் ஷீட் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். 12 x 36 அங்குலம், 300 டிபிஐ என்றால் 3,600 x 10,800 பிக்ஸல். அடிப்படை லேயர் மட்டுமே 117 எம்பி. பின்னணி, அதன் மேல் டிசைன், பத்துப் படங்கள், ஒவ்வொன்றுக்கும் மாஸ்க் என்று அடுக்கிக்கொண்டே போனால் ஒரே ஷீட் 1 ஜிபியைத் தாண்டிவிடும். அதோடு, பின்வாங்குவதற்காக போட்டோஷாப் வைத்திருக்கும் பழைய நிலைகளும் இருக்கின்றன. 8 ஜிபி லேப்டாப்பில் இந்த இடத்தில்தான் எல்லாம் நின்று நின்று நகரும்.

8 ஜிபியோடு வாங்கிப் பிறகு கூட்டலாம் என்பது நல்ல சிக்கனம்தான், கூட்ட முடிந்தால். பல மெல்லிய லேப்டாப்களில் ரேம் போர்டிலேயே ஒட்டியிருக்கும், கூட்டவே முடியாது. கடையில் வைத்தே இதைக் கண்டுபிடிக்கலாம். கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தினால் டாஸ்க் மேனேஜர் திறக்கும். அதில் செயல்திறன் பக்கத்தில் மெமரியைத் தொடுங்கள். வலது கீழே, ரேமின் வடிவம் என்ன என்றும் எத்தனை ஸ்லாட்டில் எத்தனை நிரம்பியிருக்கிறது என்றும் இருக்கும். வடிவம் “எஸ்ஓடிஐஎம்எம்” என்றால் கழற்றி மாட்டக்கூடியது. “சிப் வரிசை” என்ற பொருளில் இருந்தால் ஒட்டியது. இரண்டு ஸ்லாட்டில் ஒன்று காலி என்று தெரிந்தால், அதே அளவில் இன்னொரு ரேமைப் போடலாம். இரண்டும் ஜோடியாக வேலை செய்யும்போது, ப்ராசஸருக்குள்ளேயே இருக்கும் உள் கிராபிக்ஸின் வேகமும் கூடும். வாரன்ட்டி இருக்கும்போது சர்வீஸ் சென்டரிலேயே போடச் சொல்லிவிடுங்கள்.

ஸ்டோரேஜ்

512 ஜிபி எஸ்எஸ்டி, வேகமான என்விஎம்இ வகை. அதற்குக் குறைய வேண்டாம். ‘இஎம்எம்சி’ (மெதுவான, மலிவு வகை ஸ்டோரேஜ்) என்று போட்டிருந்தால் அந்த லேப்டாப்பை அப்படியே வைத்துவிட்டு நகருங்கள்.

512 என்று விற்பதை விண்டோஸ் 476 ஜிபி என்று காட்டும். விண்டோஸுக்கும் மென்பொருள்களுக்கும் நூறு போனால், உங்களுக்கு 370 சொச்சம். 24 மெகாபிக்ஸல் கேமராவில் ஒரு ரா ஃபைல் 25 முதல் 30 எம்பி. ஒரு கல்யாணத்தில் 2,500 கிளிக் என்றால் 70 ஜிபிக்குக் கொஞ்சம் முன்னே பின்னே. ஆக நாலைந்து கல்யாணத்தில் டிஸ்க் நிரம்பிவிடும். எனவே நடப்பு வேலை மட்டும் லேப்டாப்பில், முடிந்தது எக்ஸ்டர்னல் டிஸ்க்கில் என்று முதல் நாளிலேயே பழக்கிக்கொள்ளுங்கள். ஆல்பம் டெலிவரி ஆகும் வரை ஒவ்வொரு கல்யாணமும் குறைந்தது இரண்டு இடத்தில் இருக்க வேண்டும். மறுபடி எடுக்க முடியாத படங்கள் அவை. இதில் சிக்கனம் பார்க்கக் கூடாது.

இரண்டாவது எஸ்எஸ்டி போட ஸ்லாட் இருக்கும் மாடல் கிடைத்தால், மற்றதெல்லாம் சமமாக இருக்கும்போது அதையே எடுங்கள்.

ப்ராசஸர்: ஸ்டிக்கரை நம்ப வேண்டாம்

ஐ7 என்றால் ஐ5-ஐ விட வேகம் என்று எடுத்துக்கொள்ள முடியாது. எண்ணுக்குப் பின்னால் வரும் எழுத்துதான் முக்கியம். யூ என்றால் மின்சாரத்தை மிச்சப்படுத்தும் வகை, எச் என்றால் வேகத்துக்கான வகை. ப்ராசஸருக்குள் வேலையைப் பிரித்துச் செய்யும் பகுதிகள்தான் கோர்கள். ஐ7-1355யூ-வில் வேகமான கோர்கள் 2, ஐ5-13500எச்-இல் 4. ஐநூறு படங்களை எக்ஸ்போர்ட் போட்டால் அந்த ஐ5 முந்திக்கொள்ளும்.

ஏஎம்டியில் இன்னொரு பொறி இருக்கிறது. ரைசன் 7000 வரிசை லேப்டாப் சிப்களில் மூன்றாவது இலக்கம்தான் உள்ளே இருக்கும் தொழில்நுட்பம் எந்தத் தலைமுறை என்று சொல்லும். ரைசன் 5 7520யூ-வில் மூன்றாவது இலக்கம் 2, அதாவது பழைய ஜென் 2, நாலே கோர், ரேமும் ஒட்டியது. ரைசன் 5 7530யூ ஜென் 3, ஆறு கோர். ரைசன் 5 7640எச்எஸ் ஜென் 4. பெயரில் எல்லாமே “ரைசன் 5, 7000”தான். விளம்பரத்தில் பெரிதாகப் போடுவதும் அந்தப் பகுதியை மட்டும்தான்.

ஆறு கோருக்குக் குறையாத ரைசன் 5, அல்லது 12-ஆம் தலைமுறைக்கு மேற்பட்ட எச் வகை ஐ5 இருந்தால் கல்யாண வேலைக்குத் தாராளம்.

கிராபிக்ஸ் கார்டு யாருக்குத் தேவை?

வெட்டுவது, நிறம் சரிசெய்வது, ஸ்கின் டச்சப், ஆல்பம் டிசைன் இவற்றுக்கு உள் கிராபிக்ஸே போதும். தனிக் கார்டு தன் பலத்தைக் காட்டும் இடம் ஏஐ வேலைகள். லைட்ரூமில் 2023-இல் வந்த, படத்தின் புள்ளிப் புள்ளியான இரைச்சலை நீக்கும் ஏஐ டிநாய்ஸ் நல்ல எடுத்துக்காட்டு. மங்கல் வெளிச்ச மண்டபத்தில் ஐஎஸ்ஓ 6400-இல் எடுத்த படத்தை அது அற்புதமாகச் சுத்தம் செய்யும். என்விடியாவின் ஆர்டிஎக்ஸ் கார்டில் ஒரு படத்துக்குச் சில விநாடிகளில் முடிவது, உள் கிராபிக்ஸில் சில நிமிடங்கள் வரை இழுக்கும். ஒரு கல்யாணத்துக்கு இருபது படத்துக்கு மட்டும் போடுபவர் இரவில் ஓட விட்டுத் தூங்கலாம். இருநூறு படத்துக்குப் போடுபவருக்கும் வீடியோ எடிட்டிங்கும் செய்பவருக்கும் கார்டு வேண்டும். அப்போதும் 100% எஸ்ஆர்ஜிபி திரையோடு கிடைத்தால் மட்டும்.

பழைய லேப்டாப், மேக்புக்

பட்ஜெட் 40,000-ஐத் தாண்டாது என்றால், மோசமான புதியதைவிட நல்ல பழையது மேல். கம்பெனிகள் பயன்படுத்திவிட்டுக் கொடுக்கும் லெனோவோ திங்க்பேட், டெல் லேட்டிட்யூட், எச்பி எலைட்புக் வகைகள் உறுதியானவை, ரேமையும் எஸ்எஸ்டியையும் மாற்றுவது பெரும்பாலும் எளிது. சென்னை ரிச்சி தெரு மாதிரி இடங்களில் நேரில் பார்த்து எடுக்கலாம். ஆனால் இவற்றிலும் 45% திரைகள் நிறைய உண்டு. திங்க்பேட் டி வரிசையில் 400 நிட்ஸ் திரை போட்டவை தனியாக வந்தன, அவற்றைத் தேடுங்கள். விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-உடன் முடிந்துவிட்டதால், விண்டோஸ் 11 ஏற்கும் இன்டெல் 8-ஆம் தலைமுறைக்குக் கீழ் வாங்காதீர்கள்.

மேக்புக் ஏர் எம்1 2020 இறுதியில் வந்தது. 400 நிட்ஸ், பி3 நிற வரம்பு. இந்த விலையில் கிடைக்கும் திரைகளில் இன்றும் முன்வரிசையில் நிற்கும். 16 ஜிபி உள்ள ஒன்று நல்ல நிலையில் கிடைத்தால் யோசிக்காமல் எடுக்கலாம். 8 ஜிபிதான் கிடைக்கிறது என்றால் லைட்ரூம் வேலைக்கு மட்டும் சரி, பெரிய ஆல்பம் ஷீட்டுக்கு மூச்சு வாங்கும். ரேம், ஸ்டோரேஜ் எதையும் பிறகு கூட்ட முடியாது.

கடையில் என்ன செய்ய வேண்டும்

ஒரு பென்டிரைவில் உங்கள் சொந்தப் படங்கள் நான்கைப் போட்டுக்கொண்டு போங்கள். பட்டுப்புடவைச் சிவப்பு ஒன்று, மாப்பிள்ளையின் கறுப்பு ரிசப்ஷன் கோட் ஒன்று, நெருக்கமாக எடுத்த முகம் ஒன்று, கறுப்பிலிருந்து வெள்ளைக்குப் படிப்படியாக மாறும் சாம்பல் பட்டை ஒன்று. முதல் படத்தின் பிரிண்ட்டையும் கையில் வைத்திருங்கள்.

காட்சிக்கு வைத்திருக்கும் லேப்டாப்பில் நைட் லைட், எச்டிஆர், ‘விவிட்’ மோடு எல்லாவற்றையும் அணைக்கச் சொல்லுங்கள். பிறகு பாருங்கள். சிவப்பு, பிரிண்ட்டோடு எவ்வளவு ஒத்துப்போகிறது? கோட்டின் மடிப்பும் பட்டனும் தெரிகிறதா, கறுப்புத் திட்டாகிவிட்டதா? சாம்பல் பட்டையில் நடுவே பச்சையோ இளஞ்சிவப்போ எட்டிப் பார்க்கிறதா? பக்கவாட்டில் நகர்ந்து பாருங்கள், முகத்தின் நிறம் மாறினால் அந்தத் திரை வேண்டாம். பக்கத்தில் ஓஎல்இடி மாடல் இருந்தால் அதே படத்தை அதிலும் திறந்து அருகருகே வையுங்கள். இரண்டு நிமிடத்தில் கண்ணுக்கே புரிந்துவிடும்.

விலை பேசும்போது மூன்று கேள்வி. விண்டோஸ் லைசென்ஸ் சேர்ந்ததா, விண்டோஸ் இல்லாமல் வரும் டாஸ் மாடலா? டாஸ் என்றால் விண்டோஸுக்குத் தனிச் செலவு. சர்வீஸ், வீட்டுக்கு வந்து செய்வார்களா, நாம் தூக்கிக்கொண்டு போக வேண்டுமா? உங்கள் ஊரில் சர்வீஸ் சென்டர் இருக்கிறதா, பழுது என்றால் கோவைக்கோ மதுரைக்கோதான் போக வேண்டுமா? சீசனில் ஒரு வாரம் லேப்டாப் இல்லாமல் இருப்பது எவ்வளவு கஷ்டம் என்பது இந்தத் தொழிலில் இருப்பவர்களுக்குத் தெரியும். அவசரம் இல்லை என்றால் தீபாவளியை ஒட்டிய ஆன்லைன் தள்ளுபடிகள் வரை காத்திருக்கலாம், ஆனால் ஆன்லைனில் வாங்கும் மாடலின் திரையையும் ஒருமுறை கடையில் நேரில் பார்த்துவிடுங்கள்.

வாங்கிய முதல் வாரம்

திருப்பிக் கொடுக்கும் கெடு முடிவதற்குள் செய்ய வேண்டியவை இவை. முழுத்திரையில் வெள்ளை, கறுப்பு, சிவப்பு, பச்சை, நீலப் படங்களை வைத்துப் புள்ளி ஏதாவது செத்திருக்கிறதா என்று பாருங்கள். இரவில் விளக்கை அணைத்துவிட்டுக் கறுப்புப் படத்தில் ஓரங்களில் வெளிச்சம் கசிகிறதா பாருங்கள். இருநூறு ரா ஃபைலை எக்ஸ்போர்ட் போட்டு, அனலாகக் கொதிக்கிறதா, பாதியில் வேகம் விழுகிறதா என்று கவனியுங்கள். சோதனையின்போது சார்ஜரை மாட்டி, மேசை மேல் வைத்திருங்கள். மெத்தை மேல் வைத்தால் கீழே காற்றுத் துளைகள் அடைபட்டுவிடும்.

எல்லாம் சரி என்றால் வெளிச்சத்தை அமையுங்கள். பிரிண்ட் இருட்டாக வருகிறது என்று லேப்பைக் குறை சொல்பவர்களில் பெரும்பாலோர் திரையை முழு வெளிச்சத்தில் வைத்து எடிட் செய்பவர்கள். நீங்கள் வேலை செய்யும் அறையில், ஒரு வெள்ளைத் தாளைத் திரைக்குப் பக்கத்தில் பிடித்து, திரையில் ஒரு வெற்று வெள்ளைப் பக்கத்தைத் திறந்து, இரண்டும் ஏறத்தாழ ஒரே அளவு வெளிச்சமாகத் தெரியும் வரை குறையுங்கள். அந்த அளவைக் குறித்து வைத்து, தானாக வெளிச்சம் மாறும் வசதியை அணைத்துவிடுங்கள். நிறத்தை அளந்து சரிசெய்யும் கலிப்ரேட்டர் கருவி விலை அதிகம். நாலு போட்டோகிராஃபர்கள் சேர்ந்து ஒன்று வாங்கி மாற்றி மாற்றிப் பயன்படுத்தலாம்.

பிறகு, ஒரு புடவை, ஒரு கோட், ஒரு முகம் என்று மூன்று படங்களை எடிட் செய்து, எஸ்ஆர்ஜிபி ஜேபெக்காக எக்ஸ்போர்ட் செய்து, நீங்கள் ஆல்பம் கொடுக்கும் அதே லேப்பில் சிறிய அளவில் பிரிண்ட் போடுங்கள். லேப்பில் கரெக்ஷன் எதுவும் செய்ய வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். வந்த பிரிண்ட்டை நல்ல வெளிச்சத்தில் திரைக்குப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். பிரிண்ட் இருட்டாக இருந்தால் திரை வெளிச்சத்தை இன்னும் இரண்டு படி குறையுங்கள், வெளிறியிருந்தால் கூட்டுங்கள். மறுபடி அதே மூன்று படங்களை எடிட் செய்து பிரிண்ட் போடுங்கள். இரண்டும் ஒத்துப்போன பிறகு முதல் கல்யாண ஃபைலைத் திறக்கலாம்.